தொப்பூர் கணவாயில் புல் அறிதல்: கதிர் முதலில், குரோமோசோம் பிறகு

தொப்பூரில் புல் பார்க்கப் போகிறவர் ஐப்பசிக்கும் தை முடிவுக்கும் இடையில் போக வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் கடைசி மழையும் வடகிழக்குப் பருவத்தின் முதல் மழையும் இந்தப் பக்கத்தில் அடுத்தடுத்துப் பெய்யும். பெரும்பாலான புற்கள் அதற்குப் பிறகுதான் கதிர் தள்ளும். மாசி பிறந்துவிட்டால் சரிவு முழுக்கக் காய்ந்து, கதிர் உதிர்ந்து, வெறும் தட்டைதான் நிற்கும். தட்டையை வைத்துக்கொண்டு புல்லுக்குப் பெயர் சொல்ல முயல்வது வீண் வேலை.

எங்கே பார்ப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தேசிய நெடுஞ்சாலை 44 இறங்கும் கணவாய்ப் பகுதி லாரி விபத்துகளுக்குப் பேர்போனது. சாலையோரத்தில் எவ்வளவு அழகான ஊதாக் கதிர் ஆடினாலும் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். மலைச்சரிவில் காப்புக்காடு இருக்கிறது. வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதற்குள் ஒரு தூரைக்கூடத் தோண்டக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த இரண்டு இடமும் தேவைப்படாது. தொப்பையாற்றின் கரை, ஊர்ப் புறம்போக்கு, மானாவாரி நிலத்தின் வரப்பு, ராகி அறுத்த தாள் நிற்கும் காடு, இவற்றிலேயே ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குப் புல் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், களைக்கொத்து, பழைய செய்தித்தாள், பென்சில். பேனா மை பனியில் கரைந்துவிடும். புல்லை எப்போதும் வேரோடு எடுங்கள். அடியில் கிழங்குபோலத் தடித்திருக்கிறதா, மண்ணுக்குள் தண்டு ஓடுகிறதா, தரைமேல் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுகிறதா என்பதெல்லாம் மேலே பறித்த கதிரில் தெரியாது. ஆடு மேய்ப்பவர்களைக் கண்டால் பேச்சுக் கொடுங்கள். எந்தப் புல்லை ஆடு எந்தப் பதத்தில் கடிக்கும், எப்போது விட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது எந்தத் தாவரவியல் நூலிலும் முழுதாக எழுதப்பட்டதில்லை.

முதலில் கோரையைத் தள்ளிவைக்க வேண்டும். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்பட்டால், உள்ளே கெட்டியாக இருந்தால், இலைகள் மூன்று வரிசையில் கிளம்பினால் அது பெரும்பாலும் கோரை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். கணு தெளிவாகப் புடைத்திருக்கும். இலை இரண்டே வரிசைதான். இலையுறை தண்டைச் சுற்றி ஒரு பக்கம் பிளந்திருக்கும். உறையும் இலையும் சேரும் இடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு சவ்வோ மயிர்வரிசையோ தெரியும். இதைச் சிறுநா என்பார்கள். கதிர் வராத புல்லில் ஓரளவு துணை செய்வது இந்தச் சிறுநா ஒன்றுதான்.

கதிர் வந்த புல்லில் பார்க்க வேண்டியது சிறுகதிர். நெல்லில் ஒரு மணி இருக்குமே, அந்த அளவான அலகு. அடியில் இரண்டு உமிகள், அவற்றுக்கு மேலே ஒன்றோ பலவோ பூக்கள். விளைந்ததும் அது எப்படி உதிர்கிறது என்று கவனியுங்கள். உமியோடு சேர்த்துச் சிறுகதிர் மொத்தமாக விழுந்தால் பெரும்பாலும் தினை, சாமை, சோளம், கரும்பு ஆகியவற்றின் பக்கம். உமிகள் தண்டிலேயே தங்கிப் பூக்கள் மட்டும் உதிர்ந்தால் பெரும்பாலும் ராகி, அருகு ஆகியவற்றின் பக்கம். ராபர்ட் பிரௌன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புல் குடும்பத்தை ஏறத்தாழ இந்தக் கோட்டில்தான் இரண்டாகப் பிரித்தார். இருநூறு வருடம் கழித்தும் களத்தில் இதைவிட வேகமான முதல் கேள்வி கிடையாது.

தொப்பூர் வரப்பில் அடிக்கடி குழப்புவது ஐந்து விரல்போல விரியும் கதிர்கள். அருகம்புல், காக்காய்க்கால் புல், மயில்கொண்டைப் புல், காட்டு ராகி எல்லாமே தண்டு உச்சியில் விரலாக விரியும். கதிர்விரலின் நுனியை லென்ஸில் பாருங்கள். நுனி மொட்டையாக, கூர்மையான முள்போல நீட்டிக்கொண்டிருந்தால் காக்காய்க்கால் புல். நுனி வரை சிறுகதிர் நெருங்கி அடுக்கியிருந்து, தண்டின் அடி தட்டையாக வெளுத்திருந்தால் காட்டு ராகி. ஊதா நிறமும் நீண்ட மீசையும் இருந்தால் மயில்கொண்டை. மெலிந்த விரல்களில், சிறுகதிருக்கு ஒரே பூ என்று இருந்து, தண்டு தரையோடு ஓடினால் அருகு.

பாறைச் சரிவின் புல் ஊசிப்புல். அதற்கு லென்ஸே வேண்டாம். கறுத்த மீசைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கதிர் நுனியில் சடையாகத் தொங்கும். ஈரம் பட்டால் மீசை பிரியும், காய்ந்தால் முறுக்கும். அந்த அசைவிலேயே விதை தன்னை மண்ணுக்குள் திருகிக்கொள்ளும். அதே திருகல்தான் ஆட்டின் தோலிலும் நடக்கிறது. எனவே கதிர் வருமுன் மேய்த்துவிடுவதே நல்லது.

இதுவரை சொன்னவற்றுக்கு நுண்ணோக்கி தேவையில்லை. நூல் தேவை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் இருந்த ரங்காச்சாரியார், தாடுலிங்கம் முதலியாரின் துணையோடு 1921-இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு இன்றும் தொடங்குவதற்குச் சிறந்தது. படங்கள் கையால் வரையப்பட்டவை, பாகங்கள் பிரித்துக் காட்டப்பட்டவை. சில பெயர்கள் மாறிவிட்டன, அவ்வளவுதான். அடுத்த படிக்கு, போர் என்ற தாவரவியலாளர் புற்களைப் பற்றி எழுதி 1960-இல் வந்த பெருநூல். நம் பகுதிக்கென்றே வேண்டுமானால் திருச்சி ரபினட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே. எம். மேத்யூ எழுதிய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்கள். அது 1980-களில் தொகுதி தொகுதியாக வந்தது.

இனி, எந்த நூலுக்கும் அடங்காத புல். மேய்ச்சல் நிலங்களில் இரண்டு கூட்டங்கள் இப்படித் தொல்லை கொடுக்கும்: டைகாந்தியம், போத்ரியோகுளோவா. இரண்டிலும் சிறுகதிர்கள் சோடி சோடியாக இருக்கும். ஒன்று காம்பில்லாதது, ஒன்று காம்புள்ளது. இரண்டிலும் கணுவில் வெள்ளை மயிர் வளையம் வரலாம். பிரித்தறிய நம்பகமான வழி, கதிரின் மூட்டையும் சிறுகதிர்க் காம்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. நடுவில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பள்ளக்கோடு தெரிந்தால் போத்ரியோகுளோவா. காம்பு முழுக்கக் கெட்டியாக இருந்தால் டைகாந்தியம். காம்பில்லாத சிறுகதிரின் கீழ் உமியில் ஊசியால் குத்தியதுபோல ஒரு குழி இருந்தால் அது போத்ரியோகுளோவா பெர்ட்யூசா. இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டாலும், பத்துத் தூர் எடுத்தால் அவற்றில் சில இரண்டு பக்கமும் சேராமல் நிற்கும். பள்ளம் பாதி தெரியும். குழி ஒரு சிறுகதிரில் இருக்கும், பக்கத்துச் சிறுகதிரில் இராது.

இங்கேதான் குரோமோசோம் எண்ணுவதற்கு வேலை வருகிறது. அதற்குமுன் எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெளிவாக இருக்க வேண்டும். எண் ஒரு புல்லின் பெயரைச் சொல்லாது. ஊசிப்புல்லிலும் 40 வரும், ஜான்சன் புல்லிலும் 40 வரும், அதனால் இரண்டும் நெருங்கிய உறவாகிவிடாது. யார் யாரோடு சேர முடியும், சேர்ந்தபோது என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் எண் சொல்லும். உருவத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதி வைத்த குறிப்புகள் பழைய ஆய்விதழ்களில் ஏராளம். எந்தச் செடியில் எண்ணினார்கள் என்று காட்ட மாதிரி இல்லாததால் அவற்றில் பலவற்றை இன்று பயன்படுத்தவே முடிவதில்லை.

புல் குடும்பத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை, உண்டு. கரும்பு, சோளம், ஊசிப்புல் கூட்டத்துக்கு 10. தினை, சாமை கூட்டத்துக்கு 9. நெல்லுக்கும் மூங்கிலுக்கும் 12. கோதுமை, பார்லிக்கு 7. துடைப்பப் புல் கூட்டத்துக்கு 11. ரஷ்யாவின் அவ்துலோவ் 1931-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எண்ணையும் குரோமோசோமின் அளவையும் இலையின் உள்ளமைப்போடு சேர்த்துப் பார்த்துக் குடும்பத்தை மறுபடி அடுக்கினார். கதிரை மட்டும் நம்பிய அதற்கு முந்தைய வகைப்பாடு பல இடங்களில் ஆட்டம் கண்டது அப்போதுதான். இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பு தினைக் கூட்டத்துப் புல். கணக்குப்படி அதற்கு 9 வர வேண்டும், ஆனால் அதன் அடிப்படை எண் 7.

எண்ணும் முறை கல்லூரித் தாவரவியல் கூடத்திலேயே செய்யக்கூடியது. தூரைத் தொட்டியில் நட்டுப் புது வேர் விடச் செய்யுங்கள். காலையில், வெள்ளையாகத் துடிப்பாக இருக்கும் வேர்நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவில் வெட்டுங்கள். நேராக நிறமேற்றினால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அதனால் முதலில் 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுயினோலினில் மூன்று நான்கு மணி நேரம் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் ஐஸ் தண்ணீரில் 24 மணி நேரம் வைக்கலாம். செல்கள் பிரியும் நடுக்கட்டத்திலேயே நின்றுவிடும், குரோமோசோம்கள் குறுகிப் பிரிந்து நிற்கும். பிறகு எத்தில் ஆல்கஹால் மூன்று பங்கு, கிளேஷியல் அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கலவையில் ஒரு நாள். அந்தக் கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். வேலை தள்ளிப்போனால் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், வாரக்கணக்கில் கெடாது.

அடுத்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடம். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை இளகும். நன்றாகக் கழுவி, நுனியின் கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அசெட்டோகார்மைன் விட்டு, மூடுகண்ணாடி போட்டு, வடிதாளுக்கு மேலே கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நழுவினாலும் தகடு வீண். புற்களில், முக்கியமாக ராகி, தினைக் கூட்டங்களில், குரோமோசோம்கள் மிகச் சிறியவை. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது.

ஒரு செல்லில் 35 வரும், பக்கத்தில் 36, இன்னொன்றில் 34. அழுத்தும்போது ஓரிரண்டு வெளியே தெறிக்கும், ஓரிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். தெளிவாகப் பரவிய செல்களை மட்டும் தேர்ந்து, எண்ணுவதோடு நிறுத்தாமல் வரையவும் செய்யுங்கள். புகைப்படத்தைவிட வரையும் கைதான் மேலே எது, கீழே எது என்று நின்று பார்க்கும். ஒரே செடியின் பல வேர்களிலும், அதே இடத்தின் வேறு சில செடிகளிலும் ஒரே எண் வந்த பிறகுதான் எழுத வேண்டும்.

வேர்நுனி எத்தனை என்று சொல்லும். அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்பதை மகரந்தத் தாய்ச்செல்தான் சொல்லும். கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும்போது காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் எடுத்து அதே கலவையில் போடுங்கள். மகரந்தப்பையைத் தகட்டில் நசுக்கினால் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் மியாசிஸ் பிரிவு தெரியும். இரண்டு தொகுதிகள் உள்ள இருமடியச் செடியில் குரோமோசோம்கள் சோடி சோடியாக நிற்கும். ஒரே இனத்தின் தொகுதி இரட்டித்த நான்மடியத்தில் நான்கு நான்காகச் சில ஒட்டிக்கொள்ளும். இரண்டு வேறு இனங்கள் சேர்ந்து பிறந்ததில் சோடி சேராமல் தனியே தவிக்கும் குரோமோசோம்கள் தெரியும். எண்ணிக்கையைவிட இந்தச் சோடிச் சேர்க்கையைத்தான் நான் மதிப்பேன்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தருமபுரிக் காடுகளிலேயே இருக்கிறது. ராகி வயலில் களையாக முளைக்கும் காட்டு ராகி, எலூசைன் இண்டிகா, நாற்றுப் பருவத்தில் பயிரைப் போலவே இருக்கும். பழைய நூல்களில் சில அதையே ராகியின் மூதாதை என்று எழுதின. உருவம் அப்படித்தான் நினைக்கவைக்கும். ஆனால் காட்டு ராகிக்கு 18 குரோமோசோம், ராகிக்கு 36. ஆப்பிரிக்காவில் தானாக வளரும் இன்னொரு காட்டினமான எலூசைன் ஆப்ரிக்கானாவுக்கும் 36. ராகி அந்த ஆப்பிரிக்கப் புல்லிலிருந்து வந்தது. அதனோடு தாராளமாகக் கலந்து வளமான விதை தரும். அப்படியானால் நம் களைக்கு உறவே இல்லையா? உண்டு. ராகியின் 36-இல் ஒரு பாதித் தொகுதியைக் கொடுத்தது எலூசைன் இண்டிகாதான் என்று தார்வாடின் ஹிரேமத்தும் சாலிமத்தும் 1992-இல் காட்டினார்கள். ஆக அந்தக் களை ராகிக்கு நேர் மூதாதை இல்லை, அந்த மூதாதையைப் பெற்றவர்களின் வழியில் ஒன்று. லென்ஸ் மட்டும் வைத்திருந்தவர்கள் பாதி சரி, எண்ணை மட்டும் வைத்திருந்தவர்கள் மறுபாதி சரி.

மாட்டுக்குத் தீவனப்புல் போட்டவர்களுக்கு இன்னொன்று கையோடு தெரியும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு விதை கிடையாது, கரணைதான் நட வேண்டும். காரணம் கூட்டல் கணக்கு. கம்புக்கு 14, அதன் பாதி 7. நேப்பியருக்கு 28, பாதி 14. பிள்ளைக்கு 21. மும்மடியம், ஒற்றைப்படை, மியாசிஸில் சோடி சேராது, விதை கட்டாது. 

இப்போது டைகாந்தியம் சிக்கலுக்குத் திரும்பலாம். இந்தக் கூட்டங்களின் எண்கள் 20, 40, 60 என்று ஏறும். இருமடியச் செடிகள் வழக்கம்போல மகரந்தம் ஏற்று விதை கொடுக்கும். நான்மடியங்களில் பெரும்பாலானவை ஏபோமிக்சிஸ் முறையில் விதை கொடுக்கும். விதை உருவாகும், ஆனால் அதில் தந்தையின் பங்கு இராது, தாயின் நகல்தான். எப்போதாவது ஒரு முறை மட்டும் கலப்பு நடக்கும். அப்படிப் பிறந்த ஒரு விசித்திரக் கலப்பு, ஏபோமிக்சிஸ் வழியாக ஆயிரக்கணக்கான நகல்களாகப் பெருகி ஒரு மேய்ச்சல் நிலத்தையே பிடித்துவிடும். ஒக்லஹோமாவில் ஹார்லனும் டி வெட்டும் இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த இந்தப் புற்களைப் பல வருடம் வளர்த்துக் கலந்து பார்த்தார்கள். போத்ரியோகுளோவாவின் ஓர் இனம் பக்கத்து இனங்களிடமிருந்தும், டைகாந்தியம், கேப்பில்லிபீடியம் என்ற வேறு பேரினங்களிடமிருந்தும்கூட மரபணுக்களை எடுத்துக்கொண்டு பரவுகிறது என்று 1963-இல் எழுதினார்கள். எனவே பாதிப் பள்ளமும் பாதிக் குழியுமாக நிற்கும் தூரைக் கண்டு உங்கள் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். எண்ணிப் பாருங்கள். 40 வந்தால், இரண்டு பேருக்கும் இடைப்பட்டது என்று குறிப்பெழுதி அப்படியே வையுங்கள். கட்டாயப்படுத்தி ஒரு பெயருக்குள் தள்ளுவது அறிவியல் இல்லை, அலுவலகப் பழக்கம்.

கொழுக்கட்டைப் புல்லும் இதே சாதிதான். பெரும்பாலும் 36, பெரும்பாலும் ஏபோமிக்சிஸ். ஒவ்வொரு ஊர் வகையும் பிள்ளைக்குப் பிள்ளை மாறாமல் நிற்பது அதனால்தான். மகரந்தக் கலப்பை ஏற்கும் அரிய செடி ஒன்றை வைத்து டெக்சாஸில் பஷா 1962-இல் இந்த ரகசியத்தை அவிழ்த்த பிறகே அதில் புது ரகம் உருவாக்குவது சாத்தியமாயிற்று.

ஆற்றங்கரை நாணல், சக்காரம் ஸ்பான்டேனியம், இந்தக் கதையில் பெரிய ஆள். வெள்ளைப் பட்டுக் கதிர் ஆடும் இந்தப் புல்லில் எண் 40-இலிருந்து 128 வரை போகும். கோயம்புத்தூர்ப் பக்கத்து வடிவத்துக்கு 64. 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அந்த நாணலை வெள்ளை என்னும் கரும்போடு சேர்த்துப் பெற்றதுதான் கோ 205. 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. கரும்பும் நாணலும் சேரும் சேர்க்கையில் ஒரு விந்தை உண்டு. கரும்புக்கு 80. சாவாவின் நாணலுக்கு 112. பாதியும் பாதியும் சேர்ந்தால் 96 வர வேண்டும். வந்ததோ 136. கரும்புத் தாய் தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறாள், நாணல் மட்டும் தன் பாதியான 56-ஐத் தருகிறது. டச்சு ஆய்வாளர் பிரேமர் 1920-களில் எண்ணிக் கண்டுபிடித்தது இது.

1934-இல் கோயம்புத்தூர் நிலையத்துக்கு வந்த ஜானகி அம்மாள் இந்த வேலையை இன்னும் முன்னே கொண்டுசென்றார். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்து, மிச்சிகனில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு காட்டுப் புற்களோடும் கலந்து, பிறந்தவற்றின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இங்கிலாந்து போய்க் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரக் குரோமோசோம் அட்லஸ், எண்ணுகிறவர்கள் மேசையில் பல பத்தாண்டுகள் இருந்தது. உங்கள் எண் சரிதானா என்று ஒப்பிட இன்று இணையத் தரவுத்தளங்கள் உள்ளன. ஆனால் அவற்றிலுள்ள பல பதிவுகளுக்கு வேர் அந்தக் காலத்து மேசைகளில்தான்.

ஆய்வகம் கைக்கு எட்டாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்துத் தகட்டில் ஒட்டுங்கள். இலைத்துளையின் காப்புச்செல் நீளத்தை அளக்கலாம். ஒரே இனத்தில் தொகுதி கூடக் கூடக் காப்புச்செல் நீளும், மகரந்தத்தூளும் பருக்கும். ஆனால் எண்ணி உறுதிப்படுத்திய செடி ஒன்றாவது அருகில் இருந்தால்தான் இந்த அளவுக்குப் பொருள் உண்டு. அளக்கும் இலையும் ஒரே நிலையில் இருக்க வேண்டும், கொடி இலைக்குக் கீழ் இரண்டாவது இலை என்பதுபோல. நிழலில் வளர்ந்ததையும் வெயிலில் வளர்ந்ததையும் ஒப்பிட்டால் ஏமாற்றும்.

எண்ணிய செடியையே தாளில் அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்யுங்கள். அதன் தங்கையை அல்ல, அதையே. அட்டையில் ஊர், உயரம், மண், தேதி, உங்கள் எண், எண்ணியது வேர்நுனியா மகரந்தப்பையா என்பதை எழுதுங்கள். வேர்நுனியில் கிடைத்ததை 2n என்றும் மகரந்தத்தில் கிடைத்ததை n என்றும் குறிப்பதே வழக்கம். இரண்டையும் மாற்றி எழுதினால் பின்னால் வருபவர் ஒரு நான்மடியத்தை இருமடியமாக நினைத்துக்கொள்வார். ஒரு படி உங்களிடம், ஒரு படி திருச்சி ரபினட் ஹெர்பேரியத்துக்கோ கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கோ. அனுப்புமுன் கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர் உதிராமலிருக்க ஒரு சிறு காகிதப் பையை அட்டையின் ஓரத்தில் ஒட்டி, உதிர்ந்த சிறுகதிர்களை அதற்குள் போட்டுவிடுங்கள்.